உரல்பாறையில் தலையாட்டாத ஆத்தா

உக்காருங்க சார், அந்த டயர் மேலயே உக்காரலாம், அழுக்காகாது. ஜபருல்லா பாய் இப்போதைக்கு வெளிய வர மாட்டாரு. உள்ள ஒரு லாரிக்கு அடில ஸ்பிரிங் பட்டை மாத்திக்கிட்டிருக்காரு. அது முடியணும், அப்புறம் என் வண்டி, அதுக்கப்புறம்தான் உங்களுது. அந்த வெள்ளை பிக்கப்பு உங்களுதுதான? கோயமுத்தூர் நம்பரு. வண்டிய ரெண்டு இஞ்சு ஒசத்தணும், மலைல கல்லு தட்டக் கூடாது, ஆனா உள்ள குலுங்கவும் கூடாதுன்னு நீங்க பாய்கிட்ட சொன்னதக் கேட்டுக்கிட்டுதான் நின்னேன். எல்லாத்தையும் ஒரே வண்டில கேட்டா எப்பிடி சார்? நானும் கேட்டவன்தான். கேட்டு வாங்கிப் பட்டவன்தான்.

என் பேரு அய்யணன். கரட்டுப்பட்டி. இருவத்திரெண்டு வருசமா மலைல வண்டி ஓட்டுறேன். பட்டையப் பத்தி இந்த ஜில்லாவுல என்னைய விட யோசிச்சவன் ஒருத்தன் இருந்தாக் கூட்டிட்டு வாங்க, நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன். பாய்கிட்டயே கேளுங்க. சிரிப்பாரு, ஆனா இல்லன்னு சொல்ல மாட்டாரு.

அந்தா என் வண்டிக்குப் பின்னால, தொட்டில கிடக்கு பாருங்க, துருப்பிடிச்ச பட்டைக. அதுவும் என்னுதுதான். இப்ப வண்டில இருக்குற நல்ல பட்டையக் கழட்டிட்டு, அந்தப் பழச மாட்டத்தான் வந்திருக்கேன். கிறுக்கன்னு நெனைக்கிறீங்கள்ல. நெனைங்க. நான் அதுக்கெல்லாம் கவலப்படுற ஆளு இல்ல.

எங்க ஊரு மலையடிவாரம் சார். மேல பதினோரு கிலோமீட்டர்ல சுனைக்காடு. ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே சாமி, சுனையாத்தா. வருசம் பூரா கீழ எங்க ஊர்க் கோயில்ல இருப்பா. சித்திரைல மூணு நாளு, ஆடிப் பதினெட்டுக்கு ஒரு நாளு, மேல சுனைக்குப் போயிக் குளிச்சுட்டு வருவா. முன்னெல்லாம் எட்டுப் பேரு சப்பரத்தத் தோள்ல வச்சு ஏறுவாய்ங்க. அதுல நாலு பேரு திருப்பூருக்குப் போயிட்டாய்ங்க, ரெண்டு பேருக்கு முட்டி போயிருச்சு. மிச்ச ரெண்டு பேரு என்னத்தத் தூக்குறது. அப்பத்தான் கோயில் கமிட்டித் தலைவரு செவனாண்டி என்னையக் கூப்பிட்டு, அய்யணா, ஆத்தாள ஒன் வண்டில வச்சுக் கொண்டு போயிருவம்னாரு.

போன வருசம் வரைக்கும் ஏழு வருசம். தொட்டியக் கழுவி, வைக்கோலப் பரப்பி, ஜமுக்காளம் விரிச்சு, சப்பரத்தக் கயிறு போட்டுக் கட்டி நாந்தான் கொண்டு போவேன். மேல போய்ச் சேந்ததும் வண்டி ஓட்டுனவனுக்குப் பரிவட்டம் கட்டுவாங்க சார். எங்க வகையறாவுல ஒருத்தன் தலையில அந்தக் கோயில் பரிவட்டம் ஏறுனது அதான் மொத தடவ. எங்கப்பன் கோயிலுக்கு வெளிய நின்னு கும்பிட்டுட்டுப் போனவன். அத மட்டும் மனசுல வச்சுக்கங்க, மிச்சத்தச் சொல்றேன்.

பாதி மலைல உரல்பாறைன்னு ஒரு வளைவு. ரோட்டுக்குக் குறுக்க மூணு பாறை படி மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். தோள்ல தூக்குன காலத்துல அந்த எடத்துல காலு மாத்தி வைக்கிறப்ப சப்பரம் மூணு தடவ ஆடும். ஆத்தா தலையாட்டுறான்னு சொல்லுவாங்க. மழைக்கு ஒண்ணு, வெள்ளாமைக்கு ஒண்ணு, புள்ள குட்டிக்கு ஒண்ணு. அவ தலையாட்டுனதும் சாமியாடி மொக்கராசுக்கு அருள் வரும். அவன் ஆடுனாத்தான் மேல போக உத்தரவு. வண்டி வந்ததுக்கப்புறமும் அதே பாறை, அதே மூணு ஆட்டம். என் வண்டில ஆத்தா ஆடுன மாதிரி தோள்ல கூட ஆடுனதில்லன்னு செவனாண்டியே சொல்லியிருக்காரு. ஆடாம என்ன செய்வா. ரெண்டு பக்கமும் லாரிப் பட்டை சேத்துல்ல போட்டு வச்சிருந்தேன்.

அது ஒரு கதை. கம்பெனில குடுத்த பட்டை ரெண்டு வருசத்துல காப்பிக்கொட்டை மூட்டைய ஏத்தி ஏத்திப் படுத்துருச்சு. வண்டி நாய் குந்துன மாதிரி பின்னால குந்திரும். இதே பாய்தான், பழைய லாரிலருந்து பக்கத்துக்கு ரெண்டு பட்டை எடுத்து அடுக்குல சேத்து விட்டாரு. வண்டி ஒசந்து நின்னுச்சு பாருங்க. ஓடைய முங்காமத் தாண்டுச்சு. எவ்வளவு லோடு ஏத்துனாலும் அசையாது. லோடு இல்லாம வந்தா மட்டும் கொஞ்சம் ஒதைக்கும். மொத நாளு போதுமணி, அதான் வீட்ல, காலித் தொட்டில உக்காந்து வந்தா. உரல்பாறைல ஒரு தூக்குத் தூக்கிப் பொத்துன்னு போட்டுருச்சு. இடுப்பெலும்புல ஏதோ தட்டு வெலகிருச்சுன்னாரு டாக்டரு. ஒழுங்காப் பிடிச்சு உக்காந்திருக்கணும்ல சார். ஆளுக்கு உக்காரத் தெரியலன்னா பட்டை என்ன பண்ணும். இடுப்புக்கு ஒரு பெல்ட்டு வாங்கிக் குடுத்தேன். போட்டுக்கிட்டுதான் இருந்தா.

அவ பொறந்தது மேல சுனைக்காட்டுல. அக்கா ஒருத்தி இருக்கா, சீனியம்மா, ரெண்டு பேருக்கும் வேற நாதி கிடையாது. முன்னாடி வாரா வாரம் என் கூட ஏறி வருவா. இடுப்புக்கப்புறம் மாசத்துக்கு ஒண்ணாச்சு. நாலு வருசத்துக்கு முன்னாடி அதையும் நிறுத்திட்டா. இந்தப் பட்டைய மாத்துனா வருவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. இடுப்பு வலிக்குதுன்னு எவனாவது பட்டைய மாத்துவானா சார்? லோடு யாரு ஏத்துறது. சீனியம்மாதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா நடந்து எறங்கி வருவா. அவளுக்கும் வயசாகுது, இப்ப அதுவும் இல்ல. சரி, அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற.

போன வருசம் சித்திரைல உரல்பாறைல ஆத்தா தலையாட்டுனா பாருங்க, மூணாவது ஆட்டத்துல கயிறு அவுந்து அப்படியே சாஞ்சுட்டா. கூட தொட்டில உக்காந்து வந்த பூசாரிக்கு ஒதடு கிழிஞ்சுருச்சு. வெள்ளிக் கிரீடம் நெளிஞ்சுருச்சு. ஊரே வாயில அடிச்சுக்கிச்சு. கமிட்டி கூடி, அய்யணா, ஆத்தாளுக்கு நோகாம ஓட்டுறதுக்கு வழி பண்ணு, இல்லன்னா பவுன்ராசு வண்டில வச்சுக்கிறோம்னாய்ங்க. பவுன்ராசு யாருன்னா, எங்க ஊர்லயே இன்னொரு பிக்கப்பு வச்சிருக்கவன். ஷாக்கப்சர் ஆயில் ஒழுகி மூணு வருசமாச்சு, மாத்தத் துப்பு இல்லாதவன். அவன் வண்டில ஆத்தாள வைக்கிறதா? நான் உயிரோட இருக்கேன்ல?

நாலு மாசம் சார். நாலு மாசம் வேற நெனப்பே இல்ல. அந்த ஆடிக்கு ஆத்தா கீழயே இருந்துட்டா. பாய்கிட்டக் கேட்டா, அந்த லாரிப் பட்டைய உருவிட்டுப் பழையபடி விட்டுருன்னாரு. விட்டா வண்டி குந்தும், ஓடைல கல்லு தட்டும். திண்டுக்கல்லுல ஒருத்தன், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு இரும்புக் கட்டைய வச்சா ஒசந்துரும்னான். ஒசரும், ஆனா ஆட்டம் அப்படியேதான இருக்கும். அப்புறம் உங்க கோயமுத்தூருக்கே வந்தேன். காட்டுக்குள்ள வெளையாட்டுக்கு வண்டி ஓட்டுறவங்களுக்குன்னே ஒரு கடை. ஏசி போட்டிருக்காய்ங்க. நல்ல நீளமான பட்டை, எண்ணிக்கை கம்மி, வெயிட்டு ஏற ஏறத்தான் கெட்டிப்படும். கூட கேஸ் ஷாக்கப்சர் நாலு. அந்தக் கடைக்காரப் பய என்ன லோடு ஏத்துவீங்கன்னு கேட்டான். ஆத்தா எம்பது கிலோ, பூசாரி எழுவது கிலோ, சப்பரம் தனின்னேன். எழுதிக்கிட்டான் சார். சிரிக்காம எழுதிக்கிட்டான்.

மாட்டிட்டு வந்து சும்மா விட்டுருவேனா? தொட்டில ஒரு செம்புல விளிம்பு வரைக்கும் தண்ணிய ஊத்தி வச்சு மலையேறினேன். மொத நாளு பாதி சிந்துச்சு. ஷாக்கப்சர் தலைல ஒரு திருகு இருக்கு, அத ஒரு சுத்து தளத்துனேன். கால்வாசி சிந்துச்சு. சக்கரத்துல காத்தக் கொறச்சேன். வேகத்தக் கொறச்சேன். ஒம்பதாவது நாளு செம்பு போன மாதிரியே வந்துச்சு. உரல்பாறைல எறங்கி நின்னு பாத்தேன், தண்ணி மேல ஒரு வட்டம் கூட இல்ல. அந்தப் பாறைய நான் ஜெயிச்சுட்டேன் சார். எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

வீட்ல அதுக்கப்புறம் செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம கெளம்பி முன் சீட்டுல உக்காந்துக்குவா. இடுப்புப் பெல்ட்டு கூடப் போடல. அதுல ஒரு கூத்து கேளுங்க, மூணாவது வளைவு தாண்டுறதுக்குள்ள தூங்கிப் போவா. வாயத் தொறந்து வச்சுக்கிட்டு. அந்த ரோட்டுல எவனும் தூங்குனதில்ல சார், பயத்துல மூத்திரம் போனவன் உண்டு. ஒரு டிரைவரு பக்கத்துல உக்காந்து இப்படியாத் தூங்குறதுன்னு திட்டியிருக்கேன். சுனைக்காடு வந்ததும் எழுப்பி விடணும். எறங்கி ஓடுவா, சின்னப் புள்ள மாதிரி. நான் என்னமோ அவளுக்காகப் பட்டை போட்ட மாதிரி மேல ஊர்ப் பொம்பளைகள்லாம் என்னையப் பாத்துச் சிரிச்சாளுக. ஆத்தாளுக்குப் போட்டதுன்னு எத்தனை பேருகிட்டத்தான் சொல்றது.

சித்திரை வந்துச்சு. ஆத்தாள ஏத்துனோம். நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு ஒக்காந்தேன். வண்டிக்கு முன்னாடி மேளம், பின்னாடி ரெண்டு ஊரு சனமும் நடந்து வருது. உரல்பாறை வந்துச்சு. மெதுவா ஏத்துனேன். மொதப் பாறை, ரெண்டாவது, மூணாவது. சக்கரம் ஏறி எறங்குது, மேல ஆத்தா வீட்டுல இருக்குற மாதிரி இருக்கா. நெத்திச்சுட்டி கூட ஆடல. எனக்குப் பெருமை தாங்கல. கண்ணாடில பாக்குறேன், சனம் அப்படியே நிக்குது. மேளம் நின்னுருச்சு. மொக்கராசு வேப்பலைய வச்சுக்கிட்டு முழிக்கிறான், அவனுக்கு அருளே வரல.

ஆத்தா தலையாட்டலன்னு ஒரு பொம்பள சொன்னா. அவ்வளவுதான். உத்தரவு இல்ல, மழை இல்ல, ஏதோ குத்தம் நடந்து போச்சுன்னு அழுகையும் கூப்பாடும். பின்னால எடுத்து மறுபடி ஏத்துன்னாரு செவனாண்டி. ஏத்துனேன். ஆடல. வேகமா ஏத்துன்னாரு. ஏத்துனேன். ஆடல சார். போட்ட பட்டை அப்படி. நான் எறங்கி சனத்துக்கு நடுவுல நின்னு கேட்டேன்.

"ஆத்தா ஆடக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான், ஆடலன்னு அழுகுறதும் நீங்கதான். இத்தன வருசம் தலையாட்டுனது ஆத்தாளா, என் லாரிப் பட்டையா?"

அது நான் கேட்டிருக்கக் கூடாதுன்னு போதுமணி சொல்றா. ஏன் கேட்டா என்ன? செவனாண்டி என் மொகத்தப் பாக்காம பவுன்ராசுக்குக் கைகாட்டுனாரு. ரெண்டு ஊரு பாக்க, நடுரோட்டுல, என் வண்டிலருந்து ஆத்தாள எறக்கி அவன் வண்டில ஏத்துனாய்ங்க. நான் கட்டுன கயித்த நானே அவுத்து விட்டேன். அவன் அந்த ஓட்ட ஷாக்கப்சர வச்சுக்கிட்டு ஏத்துனான் பாருங்க, மூணு என்ன, ஏழு தடவ தலையாட்டுனா. மொக்கராசு துள்ளுன துள்ளுல வேட்டி அவுந்து போச்சு. சனம் குலவை போட்டுச்சு. பரிவட்டம் பவுன்ராசு தலையில ஏறுச்சு. மறுநாளு மழையும் பேஞ்சுருச்சு சார். அதத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் செமிக்க முடியல. ஒரு நாலு நாளு கழிச்சுப் பேஞ்சிருக்கக் கூடாதா?

ஒரு மாசம் எவன் கூடயும் பேசல. என் தப்பு என்னன்னு சொல்லுங்க பாப்போம். வேலையச் சரியாச் செஞ்சது தப்பா? போன வாரம் செவனாண்டியே வீட்டுக்கு வந்தாரு. அய்யணா, பவுன்ராசு வண்டி பிரேக்க நம்ப முடியல, ஒன் கை மாதிரி வராது, பழைய பட்டைய மாட்டிரு, ஆடிப் பதினெட்டுக்கு ஆத்தா ஒனக்குத்தான், பரிவட்டமும் ஒனக்குத்தான்னாரு. எறங்கி வந்தாங்கள்ல சார். என்னையத் தேடி எறங்கி வந்தாங்கள்ல. சரின்னுட்டேன்.

போதுமணி அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. சண்டை போடுவான்னு நெனச்சேன். நாலு கேள்வி கேப்பா, அதுக்கு நாலு பதில் வச்சிருந்தேன். ஒண்ணும் கேக்கல. அவரு போனதும் வந்து சொன்னா.

"மாட்டிக்கங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னைய மேல கூட்டிட்டுப் போங்க. இனிமே வர மாட்டேன்னு அக்காகிட்ட நானே சொல்லிட்டு வந்துர்றேன்."

நேத்து கூட்டிட்டுப் போனேன். நான் வண்டிலயே உக்காந்திருந்தேன். வாசல்ல ரெண்டு பேரும் உக்காந்திருந்தாளுக. அழுவாளுகன்னு பாத்தா அழல. இவ சீனியம்மாளுக்குத் தலைக்கு எண்ண வச்சுச் சீவி விட்டா. அப்புறம் அவ இவளுக்குச் சீவி விட்டா. ரெண்டு மணி நேரம் இதான் நடந்துச்சு. கெளம்புறப்ப சீனியம்மா என் பக்கம் வந்து, நல்லா இருங்க தம்பின்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஏதோ நான் ஊர விட்டுப் போற மாதிரி.

எறங்கறப்ப இவ தூங்கல சார். முன்னாடி இருக்குற கம்பியப் பிடிச்சுக்கிட்டு நேரா உக்காந்திருந்தா. ஒவ்வொரு வளைவா, ஓடையா, மரமாப் பாத்துக்கிட்டே வந்தா. எனக்கு அது என்னமோ பண்ணுச்சு. எப்பவும் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குவியே, இன்னைக்கு என்னன்னு கேட்டேன்.

"பாத்துக்கிறேன்" அப்படின்னா.

அதென்ன பேச்சு சார். மலை எங்க ஓடிப் போகுது. பாத்துக்கிறேன்னா என்ன அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. காலைல கஞ்சி குடிக்கிறப்பயும் அந்த ஒத்த வார்த்தை காதுக்குள்ளயே கேட்டுச்சு. இங்க வர்ற வழியெல்லாம் கேட்டுச்சு. அந்தப் பழைய இடுப்புப் பெல்ட்ட எடுத்து ஆணில மாட்டி வச்சிருக்கா, நான் கெளம்புறப்ப பாத்தேன். துவைச்சு.

அந்தா, பாய் கூப்பிடுறாரு. வர்றேன் பாய்.

இல்ல பாய், இருங்க. அந்தப் பழைய பட்டைய எறக்காதீங்க. கிடக்கட்டும் அங்கயே. ஏன்னா ஏன். என் வண்டி, என் பட்டை, எனக்கு மாட்டப் பிடிக்கல. ஒரு நிமிசம் சார், இந்தப் போன மட்டும் போட்டுர்றேன்.

செவனாண்டியண்ணே, அய்யணன் பேசுறேன். பட்டைய மாத்தல. ஆமா, மாத்தல. ஆத்தா ஆடித்தான் வரணும்னா தோள்ல ஏறி வரட்டும். ஏழு பேரப் பிடிங்க, எட்டாவது தோளு என்னுது, எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. பதினோரு கிலோமீட்டரும் தூக்குறேன். பவுன்ராசு வண்டிலதான் வைப்பீங்கன்னா வச்சுக்கங்க, பரிவட்டத்தையும் அவனுக்கே கட்டுங்க. வைக்கிறேன்.

பாத்தீங்களா சார், வச்சுட்டேன். நம்ம வண்டிய எப்படி வைக்கணும்னு கமிட்டியா முடிவு பண்ணுறது? அவங்க இழுத்த இழுப்புக்கு ஆடுறவன் நான் இல்ல. அதுக்காகத்தான் வேண்டாம்னேன். வேற ஒண்ணும் இல்ல. நீங்க வேற எதையும் நெனச்சுக்காதீங்க.

நீங்க போங்க, இனி உங்க வண்டிதான். அந்த நீளப் பட்டையே போடுங்க, பாய் வேற எது சொன்னாலும் கேக்காதீங்க. நான் கெளம்புறேன், இன்னைக்குச் செவ்வாய்க்கெழம, வெயிலு ஏறுறதுக்குள்ள ஒரு நடை மேல போயிட்டு வந்துரலாம். ஏன் பட்டைய மாத்தலன்னு வீட்ல கேட்டா, பட்டறை இன்னைக்கு லீவுன்னு சொல்லிருவேன். அடுத்த வாரம் கேட்டாலும் லீவுதான். மலைக்கு ஏறுறப்ப கரட்டுப்பட்டில வண்டிய நிறுத்தித் தண்ணி கிண்ணி கேட்டீங்கன்னா அவதான் கொண்டாந்து குடுப்பா. நீங்களும் லீவுன்னே சொல்லுங்க சார்.